தாதியர் திலகம் புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார்

பெரியோர் ஒருவரின் பெயரைச் சொன்னவுடன் ஏதேனும் ஓர் உருவம் நம் மனக்கண் முன்னே வந்து நிற்பது வழக்கம். புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரின் பெயரைக் கேட்டதும் நமக்குத் தோன்றுவது, கையில் விளக்கேந்தி, நள்ளிரவில் நோயாளரின் கட்டில்களிடையே மெல்ல நடந்துவரும் ஒரு பெண்ணின் உருவமே. பாடசாலைப் புத்தகங்களும் அதனையே நமக்குக் காட்டின. அவ்வுருவம் பொய்யன்று. ஆயினும் அதனோடு நின்றுவிடின் அம்மையாரை நாம் பாதியே அறிந்தவராவோம். இரக்கமுள்ள பெண்கள் அவருக்கு முன்னும் நோயாளரைப் பேணினர், பின்னும் பேணினர். அந்த இரக்கத்துக்கு ஓர் ஒழுங்கை வகுத்து, ஒருவர் அயர்ந்த வேளையிலும் நோயாளிக்குத் தீங்கு நேராவண்ணம் காக்கும் தலைமையைத் தாதித் தொழிலிலே நிலைநாட்டியமையே அவர் செய்த பெருங் கருமமாகும். அத்தலைமையை அவர் எவ்விதம் கற்றார், எத்தனை உயிர்களின் இழப்பைக் கண்டபின் கற்றார் என்பதையே ஈண்டுச் சொல்ல விரும்புகின்றோம்.

அம்மையார் 1820ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் திகதி இத்தாலி நாட்டின் புளோரன்ஸ் நகரிலே பிறந்தார். செல்வராகிய அவர்தம் பெற்றோர் அக்காலத்தில் அங்குத் தங்கியிருந்தமையால் அந்நகரின் பெயரையே மகளுக்கு இட்டனர். தந்தையார் வில்லியம் எட்வேட் நைற்றிங்கேல் கல்வியில் மிக்க நாட்டமுடையவர். தம் புதல்வியர் இருவருக்கும் கிரேக்கம், இலத்தீன், சரித்திரம், தத்துவம் முதலியவற்றைத் தாமே கற்பித்தார். இளைய மகளுக்கோ கணிதத்திலே தீராத ஆசை. செல்வக் குடும்பத்துப் பெண்ணுக்குக் கணக்கு எதற்கு என்று வீட்டார் வியந்தனர். அக்கணக்கே பிற்காலத்தில் எண்ணற்ற உயிர்களைக் காக்கும் கருவியாகுமென்று எவர்தாம் அன்று கண்டார்!

1837ஆம் ஆண்டு, பதினாறு வயதில், இறைவன் தம்மைத் தொண்டுக்கு அழைத்ததாக அவர் உணர்ந்தார். அத்தொண்டு நோயாளரைப் பேணுவதே என்று தெளிய இன்னும் சில ஆண்டுகள் சென்றன. 1845ஆம் ஆண்டில், சோல்ஸ்பரி நகர வைத்தியசாலையிற் சில மாதம் பயில விடை தருமாறு பெற்றோரை வேண்டினார். பெற்றோர் திகைத்தனர். அவர்களைக் குறைகூற இடமில்லை. அக்கால இங்கிலாந்தில் வைத்தியசாலைத் தாதி என்றால், வேறு பிழைப்புக்கு வழியற்றவள், குடிப்பழக்கம் உள்ளவள், நாணயம் குறைந்தவள் என்ற எண்ணமே பரவியிருந்தது. தொழிலுக்குப் பயிற்சியும் இல்லை, மதிப்பும் இல்லை. மகளின் விருப்பம் மறுக்கப்பட்டது. அவர் மனந்தளரவில்லை. வைகறையில் எழுந்து, மெழுகுதிரி வெளிச்சத்தில், வைத்தியசாலைகளையும் பொதுச் சுகாதாரத்தையும் பற்றிய அரசாங்க அறிக்கைகளைப் படித்துக் குறிப்பெடுத்தார். தம்மை விரும்பிய நல்லறிஞர் ஒருவரை மணஞ்செய்யவும் மறுத்தார். 1851ஆம் ஆண்டு, ஜேர்மனியிலுள்ள கைசர்ஸ்வேர்த் என்னும் ஊரிலே போதகர் பிளீட்னர் நடத்திய நிலையத்தில் மூன்று மாதம் பயிற்சி பெற்றார்.

1853ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், இலண்டன் மேல் ஹார்லி வீதியில் நோயுற்ற பெண்களுக்காக நடத்தப்பட்ட சிறியதொரு நிலையத்தின் மேற்பார்வையாளராக அவர் அமர்ந்தார். அங்கே முதன்முதல் அவர் செய்த ஏற்பாடுகள் கவனிக்கத்தக்கன. சுடுநீர் ஒவ்வொரு மாடிக்கும் குழாய்வழி வரவேண்டும் என்றார். உணவை மேலேற்றப் பொறியொன்று வேண்டும் என்றார். நோயாளர் அடிக்கும் மணி அந்தந்த மாடியிலே தாதியின் அறை வாயிலில் ஒலிக்கவேண்டும். அழைத்தவர் யாரென்று காட்டும் அடையாளம், தாதி வந்து பார்க்குமட்டும் திறந்தபடியே நிற்கவேண்டும் என்றார். இவை சிறிய காரியங்களாகத் தோன்றலாம். தாதியின் நேரம் படியேறி இறங்குவதிற் கழியுமாயின், நோயாளி தனியே கிடக்கின்றார். மணி ஒலித்து ஓய்ந்தபின் அழைத்தவர் யாரென்று தெரியாவிடின், உதவி பிந்துகின்றது. தாதிக்கு அன்பு வேண்டுமென்று சொல்வதோடு நில்லாது, அந்த அன்பு உரிய நேரத்தில் உரிய கட்டிலைச் சென்றடையும் வழியையும் அவர் ஆராய்ந்தார் என்பதே நாம் இங்குக் காணத்தக்கது.

அடுத்த ஆண்டு பிரித்தானியா கிறிமியா யுத்தத்தில் இறங்கியது. காயமுற்ற போர்வீரர் படும் பாட்டை இலண்டன் 'ரைம்ஸ்' பத்திரிகை வெளியிட, நாடே கொதித்தது. யுத்த மந்திரியாகவிருந்த சிட்னி ஹேர்பேட் அம்மையாரின் நண்பர். அவர் வேண்டுகோளை ஏற்று, 38 தாதியரோடு 1854ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி அம்மையார் இலண்டனை விட்டுப் புறப்பட்டார். அவர்களுட் கத்தோலிக்கக் கன்னியர் 10 பேர். அங்கிலிக்கன் இல்லங்களைச் சேர்ந்தோர் 14 பேர். வைத்தியசாலைகளிற் கூலிக்குத் தொழில் செய்தோர் 14 பேர். மதப்பிணக்கும் குலப்பெருமையும் மிக்க அக்காலத்தில் இவர்களை ஓர் ஆணைக்குள் அடக்குவதே பெருங் காரியமாயிருந்தது. நவம்பர் 4ஆம் திகதி, கொன்ஸ்தாந்திநோப்பிள் நகருக்கு எதிரே கடலின் மறுகரையிலுள்ள ஸ்குற்றாரியை அவர்கள் அடைந்தனர். பெரியதொரு படைவீடே அங்கு வைத்தியசாலையாக மாற்றப்பட்டிருந்தது.

அங்கு அவர் கண்டது என்ன? போதிய கட்டில் இல்லை, மாற்றுடை இல்லை, சலவை இல்லை, கைகழுவும் பாத்திரந்தானும் இல்லை. இவையெல்லாம் நாட்டிலே இல்லாதனவுமல்ல. பண்டகசாலைக்கு வந்த சட்டைகள், அவற்றைப் பரிசோதிக்கவேண்டிய குழு கூடாத காரணத்தாற் கட்டவிழ்க்கப்படாமலே கிடந்தன. வெளியே வீரர் குளிரில் நடுங்கினர். ஒவ்வோர் அதிகாரியும் தத்தம் விதிப்படியே ஒழுகினார். நோயாளி சாகாமற் காக்கும் முழுப் பொறுப்பு மட்டும் எவரிடத்தும் இருக்கவில்லை.

அம்மையார் முதலில் மேற்கொண்ட முடிவு பலருக்கு வியப்பளித்தது. வைத்தியர் கேட்டாலன்றித் தாதியர் எவரும் நோயாளரை அணுகலாகாது என்று அவர் கட்டளையிட்டார். அழுகுரல் காதில் விழ, தாதியர் உள்ளே இருந்து துணி தைத்துக்கொண்டிருந்தனர். சிலர் அவரைக் கல்நெஞ்சர் என்றனர். அவரோ, வைத்தியர் ஒன்று சொல்ல, இரக்கமிகுதியால் தாதியொருத்தி வேறொன்று செய்வாளாயின் துன்புறுபவர் நோயாளியே என்பதை அறிந்திருந்தார். சில நாளிற் காயமுற்றோர் வெள்ளம்போல் வந்து சேர்ந்தனர். வைத்தியர் தாமே உதவி வேண்டினர். அதன்பின் தாதியருக்கு ஓய்வென்பது இல்லை. பத்திரிகை வாசகர் திரட்டிய நிதியையும் தம் கைப்பணத்தையும் கொண்டு அம்மையார் பாத்திரம், துணி, உணவு முதலியன வாங்கினார். வீடொன்றை அமர்த்திச் சலவைச்சாலை அமைத்தார். மெலிந்தோர்க்கு ஏற்ற உணவு சமைக்க வேறு அடுக்களை வகுத்தார். பழுதுபட்டுக் கிடந்த வாட்டுகளைத் திருத்தி நூற்றுக்கணக்கானோர்க்கு இடங்கண்டார்.

இனி நாம் சொல்லப்போவது கதை சொல்வோர் பலர் விட்டுவிடும் பகுதி. இத்தனையும் செய்தபின்னும் சாவு குறையவில்லை. அந்த மாரிகாலம் முழுவதும் அது ஏறிக்கொண்டே சென்றது. அம்மையார் பின்னர் வெளியிட்ட கணக்கின்படி, 1855ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் ஸ்குற்றாரியிற் சிகிச்சை பெற்றோருள் நூற்றுக்கு 42 பேருக்கு மேல் மாண்டனர். விளக்கேந்திய கை ஓயவில்லை. ஆனால் விளக்கின் ஒளி நிலத்தின் கீழே சென்றிலது. அப்படைவீட்டின் அடியில், அடைபட்ட கழிவுநீர்க் கான்கள் நாறிக்கொண்டிருந்தன. மலகூடங்களின் நச்சுக்காற்று வாட்டுகளுட் புகுந்தது. குடிநீர் வரும் வாய்க்காலில் இறந்த குதிரையொன்றின் உடல் கிடந்தது.

1855ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், வைத்தியர் சதர்லாந்து, பொறியியலாளர் றோலின்சன் முதலியோரடங்கிய சுகாதாரக் குழு அரசாங்கத்தால் அனுப்பப்பட்டு அங்கு வந்தது. கான்கள் கழுவப்பட்டன, குப்பை வண்டிவண்டியாக அகற்றப்பட்டது, சுவர்களுக்குச் சுண்ணாம்பு பூசப்பட்டது, காற்றுவர வழி திறக்கப்பட்டது. ஜூன் மாதத்திற் சாவு நூற்றுக்கு ஏறக்குறைய 2 ஆகக் குறைந்தது. அதே தாதியர், அதே வைத்தியர், வேறுபட்டது ஒழுங்கே.

1856ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அம்மையார் நாடு திரும்பினார். வரவேற்புக்கு வாத்தியக் குழுக்கள் ஆயத்தமாகவிருக்க, அவர் வேறு பெயர் பூண்டு எவரும் அறியாமல் வீடு சேர்ந்தார். புகழை ஏற்று ஓய்ந்திருக்க அவருக்கு மனம் வரவில்லை. இத்தனை பேர் ஏன் இறந்தனர் என்ற கேள்வி அவரை விட்டு அகலவில்லை. வில்லியம் பார் என்னும் புள்ளிவிபர அறிஞரின் துணையோடு இறப்புக் கணக்குகளை ஆராயத் தொடங்கினார். ஸ்குற்றாரியில் இறந்தோர் தொகையைப் பல பதிவேடுகளில் எழுதியிருந்தனர். அவையோ ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. அவற்றையெல்லாம் ஒப்புநோக்கியபோது உண்மை வெளிப்பட்டது. பகைவரின் குண்டினால் மாண்டோரினும், தடுக்கக்கூடிய நோயினால் மாண்டோரே பன்மடங்கினர். தாம் பணிசெய்த வைத்தியசாலையே மிகக் கொடிய உதாரணமாக நின்றது.

சாதாரண மனிதர் இந்த இடத்திற் கணக்கை மூடி வைத்திருப்பர். நாடே தம்மைத் தேவதையென்று போற்றும்போது, தம் கண்முன்னே நடந்த சாவுகளைத் தாமே எடுத்துக்காட்ட எத்தனை பேர் துணிவர்? அம்மையார் துணிந்தார். 1857ஆம் ஆண்டு நிறுவப்பட்ட அரச ஆணைக்குழுவுக்கு எழுத்துமூலம் சாட்சியமளித்தார். 1858ஆம் ஆண்டு படையினரின் சுகாதாரம் பற்றிப் பெரிய நூலொன்றை அச்சிட்டார். எண்களைக் கண்டு அஞ்சும் மந்திரிமாருக்கும் விளங்கவேண்டுமென்று, ஆண்டின் பன்னிரு மாதங்களைச் சக்கரம்போல் வரைந்து, தடுக்கக்கூடிய நோயால் வந்த சாவை நீலத்தாலும், காயத்தால் வந்ததைச் சிவப்பாலும், ஏனையவற்றைக் கறுப்பாலும் காட்டினார். பார்த்த மாத்திரத்திலே நீலம் மற்றெல்லாவற்றையும் விழுங்கி நிற்பது தெரிந்தது. அவ்வாண்டே இலண்டன் புள்ளிவிபரச் சங்கம் அவரைத் தன் முதற் பெண் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

தாதித் தொழிலைப் பற்றி 1859ஆம் ஆண்டில் அவர் எழுதிய சிறு நூலில், சில்லறை நிர்வாகம் பற்றி ஓர் அதிகாரம் உண்டு. நம் கருத்தில் அந்நூலின் உயிர்நாடி அதுவே. பொறுப்பாளர் என்பவர் எல்லாவற்றையும் தாமே செய்பவரல்லர். தாம் இல்லாத வேளையிலும் செய்யவேண்டியது செய்யப்படுமாறு ஏற்பாடு செய்பவரே பொறுப்பாளர் என்பது அதன் சாரம். விபத்துகளையும் எதிர்பாராச் சாவுகளையும் ஆராய்ந்தால், பொறுப்பாயிருந்தவர் அவ்விடத்தில் இல்லாமையே பெரும்பாலும் காரணமாகத் தெரியவரும் என்கின்றார். அவர் வெளியே சென்றது குற்றமன்று. தமக்குப் பதில் யார், என்ன செய்யவேண்டும் என்று வகுத்துச் செல்லாமையே குற்றம் என்று தெளிவுறுத்துகின்றார். இன்று கடமை மாறும் நேரத்தில் ஒரு தாதி மற்றத் தாதியிடம் ஒவ்வொரு நோயாளியின் நிலையையும் சொல்லி ஒப்படைக்கும் வழக்கத்தின் உட்கருத்தும் இதுவேயன்றோ? நோயாளி நன்றாகத் தூங்கினாரா என்று கேட்பது பயனற்றது. எத்தனை மணிநேரம், எப்பொழுது தூங்கினார் என்று கேட்கவேண்டும் என்பதும் அவர் காட்டிய வழி. தெளிவற்ற கேள்வி பொய்யான விடையைத் தரும். பொய்யான விடையால் வைத்தியர் தவறான மருந்தைக் கொடுக்க நேரும்.

மக்கள் அளித்த ஏறக்குறைய 45,000 பவுண் நிதியைக் கொண்டு 1860ஆம் ஆண்டில் இலண்டன் சென். தோமஸ் வைத்தியசாலையில் தாதியர் பயிற்சிப் பாடசாலை தொடங்கியது. முதலிற் சேர்ந்தோர் 15 பேர். பயிலுநர் ஒவ்வொருவரின் நடத்தையும் திறமையும் மாதந்தோறும் பதியப்பட்டன. தாதியர் யாவரும் தம் தொழிலறிந்த ஒரு பெண் தலைவிக்கே, அதாவது மேற்றனுக்கே, பொறுப்புச் சொல்லவேண்டும் என்பது அம்மையார் விடாது வற்புறுத்திய விதி. தாதியின் பிழையைக் கண்டறிந்து திருத்தத் தாதித் தொழிலை அறிந்தவராலேயே முடியும் அல்லவா? வாட்டு நீளமாகத் திறந்திருக்கவேண்டும். பொறுப்புத் தாதி ஒரே பார்வையிற் கட்டில்கள் அனைத்தையும் காணவேண்டும் என்று கட்டிட அமைப்பையும் அவர் வகுத்துரைத்தார். வைத்தியசாலை நோயாளிக்குத் தீங்கு செய்யாதிருத்தலே அதன் முதற் கடன் என்பது அவர் கொள்கை.

இக்கொள்கை தம் சொந்த முயற்சியையே கைவிடுமாறு கேட்டபோதும் அவர் பின்வாங்கவில்லை. 1861ஆம் ஆண்டில் அவர்தம் நிதியின் உதவியோடு கிங்ஸ் கல்லூரி வைத்தியசாலையில் மருத்துவச்சியர் பயிற்சிக்கெனப் பிரசவ வாட்டு ஒன்று தொடங்கியது. அங்குப் பிரசவக் காய்ச்சலாற் பல தாய்மார் இறந்தனர். 1867ஆம் ஆண்டு அவ்வாட்டு மூடப்பட்டது. மூடியதோடு அவர் அமையவில்லை; பல இடங்களிலுமிருந்து பிரசவச் சாவுக் கணக்குகளைத் திரட்டி 1871ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். நோய்க்கிருமி பற்றிய அறிவு அக்காலத்தில் முழுமை பெறவில்லை. நோய்க்குத் தீய காற்றே காரணமென்று அவர் நெடுநாள் நம்பினார். அந்நம்பிக்கை பிழையாயினும், கணக்கை மறையாது காட்டியமையால் அவர் சென்ற வழி பிழைக்கவில்லை.

அவரிடம் பயின்ற வழிமுறை பிற ஊர்களுக்கும் பரவியது. 1865ஆம் ஆண்டில் அக்னிஸ் ஜோன்ஸ் என்னும் பெண்மணி சென். தோமஸ் தாதியர் 12 பேரோடு லிவர்பூல் ஏழைகள் வைத்தியசாலைக்குச் சென்றார். பயிற்சியற்ற ஏழைகளே நோயாளரைப் பார்த்துவந்த அவ்விடத்தில் ஒழுங்கை நிறுவி, 1868ஆம் ஆண்டிற் கடமையிலேயே காய்ச்சலுற்று உயிர்நீத்தார். அவ்வாண்டே லூசி ஒஸ்பேண் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகருக்குத் தாதியரோடு சென்றார். அம்மையாரோ கிறிமியாவிற் கண்ட காய்ச்சலின் பின் உடல்நலங் குன்றி, பெரும்பாலும் அறையிலேயே வாழ்ந்தார். அங்கிருந்தபடியே கடிதங்களால் எண்ணிறந்த கருமங்களை நடத்தினார். தாம் இல்லாத இடத்திலும் செய்யவேண்டியது நடக்கச் செய்வதே தலைமை என்று எழுதியவர், அதைத் தம் வாழ்வாலே மெய்ப்பித்தார் எனலாம். 1907ஆம் ஆண்டில் பிரித்தானிய அரசின் 'ஓடர் ஒவ் மெறிற்' விருது பெற்ற முதற் பெண்மணியானார். 1910ஆம் ஆண்டு ஆகஸ்ட் 13ஆம் திகதி, தொண்ணூறாவது வயதிற் காலமானார். வெஸ்ற்மின்ஸ்ரர் ஆலயத்தில் அடக்கஞ் செய்யும் பெருமையை உறவினர் ஏற்கவில்லை. கிழக்கு வெலோ என்னும் சிற்றூரில் உள்ள அவர் கல்லறையிற் பெயரின் முதலெழுத்துகளும் ஆண்டுகளுமே காணப்படும்.

அவர் மறைந்து நூறாண்டு கடந்தபின்னும் அவர் எழுப்பிய கேள்வி மறையவில்லை. 1999ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவ நிறுவகம் வெளியிட்ட அறிக்கை, அந்நாட்டு வைத்தியசாலைகளிற் சிகிச்சைத் தவறுகளால் ஆண்டுதோறும் 44,000 முதல் 98,000 வரையானோர் இறப்பதாக மதிப்பிட்டது. தவறுகளிற் பெரும்பாலானவை தனியொருவரின் கெட்ட எண்ணத்தாலன்றி, ஒழுங்கின் குறையாலே நேர்கின்றன என்பதே அதன் முடிவு. 2002ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, பென்சில்வேனியா மாநிலத்து 168 வைத்தியசாலைகளை எடுத்துக்கொண்டு, ஒரு தாதியின் பொறுப்பிலுள்ள நோயாளர் தொகை ஒவ்வொன்றாகக் கூடுந்தோறும் சத்திரசிகிச்சை பெற்றோர் இறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 7 வீதம் உயர்வதைக் காட்டியது. 2019ஆம் ஆண்டு முதல் செப்ரெம்பர் 17ஆம் திகதியை நோயாளர் பாதுகாப்பு நாளாக உலக சுகாதார நிறுவனம் அனுட்டிக்கின்றது. அம்மையார் பிறந்த மே 12ஆம் திகதி உலகத் தாதியர் தினமாகும்.

இளைஞர்காள்! உங்களுட் சிலர் நாளை தாதியராகலாம், வைத்தியராகலாம், வேறு பொறுப்புகளை ஏற்கலாம். ஒரு பிழை நேர்ந்தவிடத்து, செய்தவரை ஏசி அனுப்பிவிடுவது எளிது. அப்பிழை மறுமுறை நேராதிருக்க எந்த ஒழுங்கை மாற்றவேண்டும் என்று ஆராய்வதே தலைமை. ஏச்சுக்கு அஞ்சும் தாதி தன் பிழையை மறைப்பாள்; மறைத்த பிழை இன்னொரு கட்டிலில் இன்னோர் உயிரைத் தேடிச் செல்லும். பெரியோர்களும் ஒன்று சிந்திக்கவேண்டும். தாதியரைத் தேவதையரென்று மேடையிற் புகழ்வது நன்றே. ஆயினும் அவர்களுக்குப் போதிய துணையும் ஓய்வும், உண்மையைச் சொல்லும் உரிமையும் உண்டா என்று கேட்பது அதனினும் நன்று. அம்மையார் ஏந்திய விளக்கை நாம் வணங்குவோம். அவர் எழுதிய கணக்கையும் மறவாதிருப்போம்.